உயரத்தில் நின்ற கோடு

கட்டட பிளான் வரையும் திருப்பதி ஆபீசில், கம்ப்யூட்டர் முன்னால் டைட்டஸ் தலைகுனிந்து நின்றார்.

"இருபது வருஷ சர்வீஸ்! பிளான்ல எல்லாக் கோட்டுக்கும் உயரம் பூஜ்யமா இருக்கணும்னு தெரியாதா? தினமும் ஒரு கோடு மூணு மீட்டர் மேல நிக்குது. கோடு சேராம ஏரியா கணக்கே வரமாட்டேங்குது!" மேனேஜர் கத்தினார். "டெம்பரரியா வந்த ஈவ்லின்தான் தினமும் கண்டுபிடிச்சி சரிபண்ணிக்கினு இருக்குது. இந்த மாசத்தோட அனுப்பிடலாம்னு இருந்தேன். இனி அந்தப் பொண்ணு இல்லாம ஆவாது. இன்னையிலேர்ந்து பர்மனென்ட்!"

அவர் போன பிறகு டைட்டஸ் வரைந்து முடித்த காணிப்பாக்கம் லாட்ஜ் பிளானை மாலையில் ஈவ்லின் திறந்தாள். ஒவ்வொரு கோடாகச் சோதித்தாள். எல்லாமே பூஜ்யம்.

"இன்னிக்கு ஒரு தப்புகூட இல்லியேண்ணா?"

"இனிமே எதுக்கும்மா?" என்றார் டைட்டஸ்.