அபாயச் சங்கின் பெட்டி

சதாசிவம் தீக்குச்சியை உரசும் சத்தம் கேட்டது. சிகரெட் புகை முகத்தில் அடித்ததும் அவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று தெரிந்துவிட்டது.

எனக்குக் கண் போய்ப் பதினான்கு மாதமாகிறது. ஆட்களை இப்படித்தான் அளந்துகொள்கிறேன்.

பக்கத்தில் என் மனைவி ஆலிஸ், முழங்கையைப் பிடித்தபடி. எதிரே ஈப்போவிலிருந்து விசாரிக்க வந்திருந்த அதிகாரி இராமசாமி. பெட்டிப் பக்கமாக எங்களை மேய்க்கும் மண்டோர் சதாசிவம்.

பெட்டி என்றால் ஆள் இடுப்புயர இரும்புப் பெட்டி. பீடோருக்குப் பக்கத்தில், ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டையின் கரைமேல் இருக்கிறது. கரை உடைந்தால் கீழே இருக்கும் வீடுகளுக்கு ஊதிச் சொல்ல அங்கே ஓர் அபாயச் சங்கு உண்டு. பெருமழையில் முதலில் போவது கரண்ட். அப்போதும் சங்கு ஊத வேண்டுமே என்றுதான் பெட்டிக்குள் ஆறு பேட்டரி.

வெயில், மழை, எறும்பு எல்லாவற்றிலிருந்தும் அவற்றைக் காப்பது என் வேலை. நான் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு கிடைத்த வேலை அது.

எண்பதாம் வருடம் மழைக்காலத்தில் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிப் பேட்டரிகள் செத்துப்போயின. ஒரு ராத்திரி முழுக்கச் சங்கு ஊமை. நல்லவேளை, கரை நின்றது. சங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எடுத்திருந்த குத்தகைக்காரர் சதாசிவத்தைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டார்.

மறுநாள் சதாசிவம், பாஸ்கல் இங்கே வா என்று என்னைக் கூப்பிட்டார். பெட்டியின் தலைப்பக்கம் இருக்கும் ஓட்டைகளையெல்லாம் ரப்பர் பால் ஊற்றி அடைத்துவிடு, காற்றுகூட நுழையக் கூடாது என்றார்.

ரப்பர் பால் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அடைத்தேன். அந்த ஓட்டைகள் பின்னே எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, உன்னை மாதிரி ஆளுக்கு வேலை கொடுக்கத்தான் என்று சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்து, வாயில் சுருட்டோடு மூடியைத் திறந்தேன்.

நான் சுருட்டு பிடிப்பவன்தான். அதை எங்கேயும் மறைத்ததில்லை. அவருக்கும் நன்றாகத் தெரியும். பேட்டரி வாயு விடும், அது தீ பிடிக்கும், அது வெளியே போகத்தான் அந்த ஓட்டைகள் என்பதுதான் எனக்குத் தெரியாது. நான் கடைசியாகப் பார்த்தது அந்த மூடியைத்தான்.

நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அவர் அறிக்கை எழுதினார். பாஸ்கல் பெட்டிக்குள் எறும்புக்கூட்டைப் பார்த்து, மண்ணெண்ணெய்த் துணியைக் கொளுத்திப் போட்டுவிட்டான் என்று. எல்லாரும் நம்பினார்கள். தோட்டத்து ஆள் செவ்வெறும்பைக் கண்டால் மண்ணெண்ணெயைத்தான் தேடுவான். நானே எத்தனையோ கூடு கொளுத்தியிருக்கிறேன்.

அடைத்த ரப்பரைக் காட்டலாம் என்றால், சிதறிய பெட்டியை அவர் மறுநாளே அப்புறப்படுத்திவிட்டார். அதே இடத்தில் புதுப் பெட்டி வந்தது. கண்ணும் போய், முட்டாள் என்ற பெயரும் வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் ஆலிஸ் ஜெபம் சொல்வாள். மன்னிக்கிற இடம் வந்ததும் நான் வாயை மூடிக்கொள்வேன். மன்னிப்பாவது மண்ணாங்கட்டியாவது. அந்த ஆள் நாலு பேர் முன்னால் நாறுவதை என் காதால் கேட்க வேண்டும். அதற்காகத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மனுமேல் மனு போட்டு நான் வாங்கிய மறு விசாரணையை ஆபீசில் வைப்பதாக இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில்தான் வேண்டும், சதாசிவம் தன் கையால் அதைத் திறக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். குருடனுக்குப் பெட்டியைத் திறந்து காட்டி என்ன ஆகப்போகிறது என்று அதிகாரி நினைத்திருப்பார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

உள்ளே தீ பிடிக்கிற பொருள் ஏதாவது உண்டா என்று அவர் கேட்டார்.

"ஒண்ணும் கிடையாது சார். பேட்டரி பச்சத்தண்ணி மாதிரி லா, பக்கத்துல அடுப்பு மூட்டி சோறே ஆக்கலாம். பாஸ்கல் எனக்குத் தம்பி மாதிரி, என்ன செய்யிறது, அவன் புத்தி அவ்வளவுதான்."

ஆலிஸின் விரல்கள் இறுகின. அதிகாரி அதை அப்படியே எழுதி, வாசித்துக் காட்டி, சதாசிவத்திடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பிறகு பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

சாவிக்கொத்து குலுங்கியது. சதாசிவம் இரண்டு எட்டு வைத்து நின்றார்.

அவருடைய சப்பாத்துக்கால் சரளைக்கல்லில் அழுந்தித் திரும்பியது. ஒரு தடவை. பிறகு இன்னும் அழுத்தி, இன்னொரு தடவை. என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்த புகை நின்றுவிட்டது.

அதற்கப்புறம்தான் பூட்டுக்குள் சாவி நுழைந்தது.

நான் சட்டைப்பையிலிருந்து என் தீப்பெட்டியை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன்.

"அண்ணே, இன்னொண்ணு பத்த வச்சிக்கிட்டுத் தொறங்க."

சாவி திரும்பவில்லை. அவர் இருமினார். தோள் வலிக்கும்வரை நான் கையை நீட்டியபடியே நின்றேன். யாரும் தீப்பெட்டியை வாங்கவில்லை.

கடைசியில் அதிகாரி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். போதும் பாஸ்கல், அவர் அணைத்ததையும் நான் எழுதிக்கொண்டேன் என்றார்.

எனக்குப் போதவில்லை. தீப்பெட்டியை இன்னொரு தடவை குலுக்கினேன்.