நிரந்தரமாக மூடப்பட்டது

ததேயூஸ் மாமனுக்க கடைய எவனோ நாலாவது தடவையும் பூட்டிட்டான்.

நெசமாட்டு இல்ல. போன்ல உள்ள மேப்புல. கடைப் பேருக்கு அடியில செவப்பு எழுத்துல நிரந்தரமாக மூடப்பட்டதுன்னு காட்டுது. கடை அங்க தெறந்துதான் கெடக்கு, மாமன் உள்ள கிரைண்டர் ஓட்டுத சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது.

எனக்கு வந்த கலியும் கோவமும் கொஞ்சநஞ்சம் இல்ல.

ஏன்னா இது எனக்க மொத கடையாக்கும். நெய்யாற்றின்கரையில ஆறு மாசம் டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிச்சிட்டு வந்து, காஞ்சிரங்குளம் பக்கம் கடைகடையா ஏறி எறங்கினேன். மேப்புல போடுதேன், ரீல்ஸ் எடுக்குதேன், ஆளு தன்னால வரும்னு சொன்னேன். வேண்டாம், போ லேன்னு சொல்லாத ஒரே ஆளு எங்க கோயில் பங்குல உள்ள ததேயூஸ் மாமன். மீன் பிடிக்குத பைபர் வள்ளத்துல ஓட்டை விழுந்தா கிரைண்டர் வச்சு தேய்ச்சு ஒட்டிக் குடுக்குத வேல அவருக்கு.

படம் போட்டேன். நம்பர் போட்டேன். வேல முடிஞ்சு போற ஒவ்வொருத்தன் கையிலயும் போன வாங்கி அங்கண வச்சே ரிவ்யூ எழுத வச்சேன். பாதி பேரு மலையாளத்துல எழுதினாவ, பாதி பேரு தமிழ்ல. ஸ்டார் மட்டும் எல்லாரும் அஞ்சு.

முன்ன வாரத்துக்கு ரெண்டு வள்ளம் வந்தா பெரிசு. இப்ப விழிஞ்ஞத்துல இருந்து வருது, குளச்சல்ல இருந்து லாரியில ஏத்திட்டு வருது. ஞாயித்துக்கெழம பூச கழிஞ்சு போயி பாத்தா வாசல்ல மூணு வள்ளம் கவுந்து கெடக்கும்.

அந்த நேரத்துலதான் இந்தப் பூட்டு.

நான் தெறப்பேன். ரெண்டு வாரம் கழிஞ்சா பூட்டிக் கெடக்கும். பின்னயும் தெறப்பேன். ஜங்ஷன்ல நிக்குத பயலுவ வேற, எலே ஜிஜோ, ஒனக்க கடைக்கு அடக்கம் எப்பம்லேன்னு கேக்கானுவ.

பொழியூர்ல புதுசா வள்ளம் ஒட்டுத கடை ஒண்ணு வந்திருக்கு. பிஜுன்னு ஒருத்தன். அவனேதான்னு முடிவு பண்ணி நேர்ல போயி ரெண்டு கேக்கவும் செய்தேன். அவனுக்கு மேப்புல கடை போடலாம்ங்குததே தெரியல. சாயா வாங்கித் தந்து, எனக்க கடையையும் போட்டுத் தா மக்கான்னு சொல்லி அனுப்பினான்.

அப்ப வழி ஒண்ணுதான் உண்டு. ஒருத்தன் பூட்டினா பத்து பேரு அவங்கவங்க போன்ல இருந்து தெறந்திருக்குன்னு சொல்லணும். பக்கத்து ஆளுவளா இருந்தா ரெம்ப நல்லது. அதுக்குத்தான் இன்னைக்கு காலத்த, கடைக்குப் பின்னால உள்ள வீட்டுக்குப் போயி, மாமனுக்க பொண்டாட்டி எமில்டா மாமிக்கிட்ட போன கேட்டேன்.

மாமி மீன் கழுவிட்டு இருந்தாவ. விசயத்தச் சொன்னேன். கைய நைட்டியில தொடச்சாவ. பின்ன தந்தாவ.

மேப்ப தெறந்தேன். மேல ஒரு மெசேஜ். உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது, நன்றின்னு. கீழ அதே மாதிரி இன்னொண்ணு. அதுக்கும் கீழ ரெண்டு.

மொத்தம் நாலு. தேதிய பாத்தேன். நாலும் வியாழக்கெழம சாயந்திரம்.

மாமி மீன்சட்டியப் பாத்துட்டே சொன்னாவ. வியாழக்கெழம பக்கத்து வீட்டுப் பொம்பளையளெல்லாம் இஞ்ச வந்துதான் ஜெபமாலை சொல்லுவாவளாம். சொல்லி முடிச்சிட்டு ஏழு பேரும் ஏழு போன்ல கடை பூட்டியாச்சுன்னு அமுக்குவாவளாம். எங்க அமுக்கணும்னு மவ ரெஜிஷா காட்டிக் குடுத்திருக்கா.

எதுக்கு மாமின்னு கேட்டேன்.

உள்ள போயி பெரிய கவர் ஒண்ண எடுத்துட்டு வந்தாவ. எக்ஸ்ரே. வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினாவ. நெஞ்சுக்குள்ள ரெண்டு பக்கமும் மாவு தூவின கணக்கா வெள்ள. பைபர் பொடியாம். இனியும் அந்தப் பொடியில நின்னா எனக்க கையில ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லி அஞ்சு மாசம் ஆச்சாம்.

நான் மேப்புல போட்டதும் அந்த மாசந்தான்.

வேலய நிறுத்தச் சொல்லலையான்னு கேட்டேன்.

"சொல்லாமலா? ஓட்டை வள்ளத்த வாசல்ல கொண்டு போட்டுட்டு ஒருத்தன் நின்னா, முடியாதுன்னு சொல்ல அந்த மனுசனுக்கு நாக்கு வராது மக்கா. ஒனக்கே வேண்டாம்னு சொல்லலியே. வாறவன பாதி வழியிலயே திருப்பி விடலாம்னு பாத்தோம், நீ விட மாட்டேங்க."

கிரைண்டர் சத்தம் நின்னுது. பின்னயும் ஓடிச்சு.

மாமி போன திருப்பிக் கேக்கல. நான் என்ன அமுக்கப் போறேன்னு பாத்துட்டே நின்னாவ.

போன அவங்க கையில குடுத்துட்டு எனக்க போன எடுத்தேன். ஓனர் அக்கவுண்ட் எனக்க கிட்டயாக்கும். பூட்டினேன். நம்பரயும் எடுத்துட்டேன். ரீல்ஸ் எல்லாத்தையும் அழிச்சேன். பின்ன மொத படம். அதுல மாமன் வள்ளத்துக்க மேல ஒரு கால வச்சு சிரிச்சிட்டு நிக்காரு. அதையும் மாத்தணும், இல்லன்னா எவனாவது நம்பி வந்துருவான்.

கடைக்குப் போனேன். ஒரு படம் எடுக்கணும் மாமா, ஷட்டர இறக்குங்கன்னு சொன்னேன். எதுக்குன்னு கேக்கல. கிரைண்டர அணைச்சாரு. ஷட்டர இழுத்து இறக்கினாரு. குழாயில மொகம் கழுவினாரு. சட்டைய மாட்டி கழுத்து வரைக்கும் பட்டன் போட்டு, ஷட்டருக்கு முன்னால வந்து நேரா நின்னாரு.

"மாமா, கொஞ்சம் மாறி நில்லுங்க. ஷட்டர் மட்டும் போதும்."

சிரிச்சிட்டே மாறினாரு. ரெண்டடி போனவரு திரும்பி வந்து, வாசல்ல கெடந்த அவருக்க செருப்பையும் கையில எடுத்துக்கிட்டாரு, படம் சுத்தமாட்டு வரட்டும்னு.