தயிர்ச்சட்டியின் கீறல்கள்

ஓர் அடுக்களையில் மண்சட்டி ஒன்று இருந்தது. தினமும் அதில் பாலை ஊற்றி, முந்தின நாள் தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறைக்கு விடுவார்கள். சட்டியில் கீறல் ஏறிக்கொண்டே போக, தயிரோ விடியலுக்கு விடியல் பச்சைப்பிள்ளையாய்ப் பிறந்தது.

"எனக்கு மட்டும் ஏன் வயசாகுது?" என்று சட்டி அகப்பையிடம் கேட்டது.

"தினம் நாரைப் போட்டுத் தேய்க்கிறாங்க, தேயாம என்ன செய்வே? இல்லேன்னா, சூளையில சுட்டப்பவே குயவர் உனக்கு நாள் குறிச்சிருப்பார்."

"உன் காம்பே ஆடுது, நீ சொல்ல வந்துட்டே."

தயிர் சிரித்தது. "பெரியப்பா, இந்த வீட்டுல என்னைத்தான் ஒரு கரண்டி பத்திரமா எடுத்து வைக்கிறாங்க. உங்க கீறலைப் பூச யாருக்குப் பொழுதிருக்கு?"

சட்டிக்குச் சுருக்கென்றது.

அன்று விருந்தாளிகள் வந்து தயிரை வழித்துச் சாப்பிட்டுவிட்டார்கள். உறைக்கு ஒரு துளி மிச்சமில்லை. விளக்கு வைத்த பிறகு அண்டை வீட்டில் உறைமோர் கேட்கும் வழக்கமும் இல்லை. வீட்டுக்காரி செண்பகம் சட்டியைத் தண்ணீரில் அலசி, வெதுவெதுப்பான பாலைச் சும்மா ஊற்றி மூடினாள்.

"உன் தயிர் வம்சம் இதோட முடிஞ்சுது," என்றது அகப்பை.

பாலின் சூட்டில் சட்டிக்குக் கண் சொக்கியது. கீறல்களுக்குள் குட்டிக் குட்டியாய் யாரோ புரண்டு படுப்பதுபோல் கனவு வந்தது.

விடிந்தபோது பால் கெட்டியாய் உறைந்திருந்தது.

புதுத் தயிர் கண் விழித்துப் பார்த்தது. "பெரியப்பா, உங்க உடம்பெல்லாம் ஏன் இத்தனை கீறல்?"

"நீ படுத்திருந்த இடம்டா அது," என்றது சட்டி.