கூட்டாமல் விட்ட இடம்

"போகக் கூடாதுன்னா போகக் கூடாது, அவ்வளவுதான்—"

"எட்டேகாலுக்கு ஸ்கூல் பிள்ளைக வந்து நிக்கும்டி, அதுக்குள்ள ஸ்டேஷன்ல—"

"கம்பத்துக்குக் கம்பம் கேமரா தொங்குதே, அதுக்குக் கண்ணில்லையா? போலீஸ்காரன் ஜீப்புல சுத்துதானே, அவனுக்குக் கண்ணில்லையா? இந்தக் கொச்சியில உங்க ஒருத்தருக்குத்தான் கண்ணா?"

இசக்கிதுரை சட்டைப் பொத்தானை மாற்றி மாட்டி, கழற்றி, மறுபடி மாற்றி மாட்டினார். அவர் மனைவி சந்தனமாரி கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். கொச்சங்காடிச் சந்தில் ஒரே அறை வீடு. ஒருத்தி கதவில் சாய்ந்தால் உலகமே அடைபட்ட மாதிரிதான்.

சண்டை ஒரு பையால் வந்தது.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், மசாலா கோடவுனின் மூடிய ஷட்டரோரம் ஒரு கறுப்பு முதுகுப்பை கிடந்தது. மாநகராட்சித் துப்புரவு வேலையில் அந்த வீதி அவருடையது. இன்று காலை ஆறு மணிக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர் விளக்குமாற்றால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. நல்ல கனம்.

அதைச் சுற்றிக் கூட்டினார். பையைச் சுற்றி ஒரு முழத்துக்குச் சருகும் தூசியும் கிடந்தன. மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருந்தது.

பிறகு, தினமும் செய்வதுபோல, கூட்டி முடித்த இடத்தைப் படம் எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட்டார். போட்ட பிறகுதான் கவனித்தார். படத்தின் நடுவில் அந்தப் பை கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"அந்தப் படத்த அழிச்சிருங்க."

"நாப்பது பேரு பாத்தாச்சு. சூப்பர்வைசர் சுஜித்து கட்டைவிரலும் போட்டாச்சு."

நாற்பது பேரும் பார்த்தார்கள். அது என்ன பை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இசக்கிதுரையின் கதை எல்லோருக்கும் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன், வடக்கே ஏதோ ஊரில் குண்டு வெடித்த வாரம். அப்போதும் இதே நிறுத்தத்தில் ஒரு பை கிடந்தது. கேட்பாரற்ற பொருளைக் கண்டால் உடனே தெரிவிக்கவும் என்று புதிதாகப் பலகை வைத்திருந்தார்கள். மலையாளத்தை எழுத்துக்கூட்டி வாசித்து, அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். பைக்குள் இருந்தது யாரோ சுற்றுலாக்காரரின் ஈரத்துணியும் ஒரு கை சிப்பியும். முதல் நாளே அது தெரிந்துவிட்டது. போலீஸ் அவரை ஸ்டேஷனிலிருந்து விட்டது நாலாம் நாள்.

"நீ மாத்திரம் எங்ஙனெயாடா கண்டது?"

இத்தனை பேர் நடக்கிற வழியில் அவர் கண்ணுக்கு மட்டும் அது எப்படித் தட்டுப்பட்டது என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். "கீழ பாத்து நடக்குற வேலைங்க சாரே" என்றார். அதற்கு ஒரு அறை விழுந்தது.

தென்காசிப் பக்கம் அவர் தம்பி வீட்டுக்கும் போலீஸ் போய்ப் பரணை இறக்கிப் பார்த்தது. நிரந்தர வேலைக்கான பட்டியலில் அவர் பேருக்கு எதிரே 'விசாரணை நிலுவையில்' என்று ஒரு வரி ஏறியது. அது இறங்க மூன்று வருஷம் ஆயிற்று. புதுப் பட்டியல் இந்த வெள்ளிக்கிழமை வருகிறது.

அதற்குப் பிறகு வீதிக்குக் கேமரா வந்தது, இரும்புத் தடுப்பு வந்தது, ஒரு பலகை இரண்டாயிற்று. ஆட்கள் எதையும் பார்ப்பதுதான் நின்றுபோயிற்று.

"பாதுகாப்புக்குத்தான கேக்காங்க. குண்டு வைக்கிறவன் இருக்கத்தான செய்யுதான்."

"இருக்கான். அவனப் புடிக்கத் தெரியாமத்தான் உங்களப் புடிச்சாவ."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயிற்று. உள்ளே இருப்பது ஈரத்துணி என்றால் வெள்ளிக்கிழமைப் பட்டியல் போய்விடும். ஈரத்துணி இல்லையென்றால்?

இன்று இவளும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறாள். விடியும் முன்பே எழுந்து அவர் நெற்றியில் கை வைத்து, மேலெல்லாம் சுடுகிறது, இன்றைக்கு ஒரு நாள் லீவு போடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தாள். உடம்பு குளத்துத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. கேலி பண்ணிவிட்டுத்தான் கிளம்பினார்.

"நகரு, சந்தனம்."

"வேற எவனாவது போய்ச் சொல்லட்டும்."

"எவனும் சொல்ல மாட்டான்டி. அதான எனக்குப் பயமா இருக்கு."

மணி எட்டாகப் பத்து நிமிஷம். அவள் இடுப்பை ஒட்டி இருந்த தாழ்ப்பாளில் கை வைத்தார். அவள் அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். குரல் உடைந்து கெஞ்சலாக வந்தது.

"ஒண்ணும் ஆவாதுங்க. வெடிக்கிறதா இருந்தா ராத்திரியே வெடிச்சிருக்காதா? நேத்து சாயங்காலத்துலேந்து அங்கதான கெடக்கு!"

தாழ்ப்பாளில் கை நின்றது.

அவர் அந்தப் பையைப் பார்த்தது இன்று காலை ஆறு மணிக்கு. அவளிடம் சொன்னது அதற்கும் பிறகு.

சந்தனமாரி பிடியை விடவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

"நேத்தே பாத்தியா நீ?"