காவல் இருந்த கால்

“பொய் சொல்லாதே! தூங்கிட்டேன்னு ஒத்துக்கோயேன்!”

நஜ்முதீன் கத்தினார். நர்ஸ் மவ்ஜூதா அவருடைய வலது காலை மடியில் வைத்து மருந்து தடவிக்கொண்டிருந்தாள். பெருவிரலிலிருந்து பாதி உள்ளங்கால் வரை வெந்திருந்தது. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

“தூங்கலைங்க, தவ்லத்தோட அப்பா. ரொட்டி மேல சத்தியம்,” என்றாள் மனைவி பீபிசாரா. பனியில் ஓடிப்போய் நர்ஸை அழைத்து வந்தவளும் அவள்தான்.

மவ்ஜூதா போன வருஷமே எச்சரித்திருந்தாள். “சர்க்கரை ஒரு நரம்போட நிக்காது அண்ணே. எது ரொம்ப தூரத்துல இருக்கோ அதைத்தான் முதல்ல பிடிக்கும். ரெண்டு பாதமும் மரத்துப்போகும், அப்புறம் கை விரல். சாந்தலிப் பக்கமே போகாதீங்க.”

சாந்தலி இல்லாமல் குளிர்காலமா? குழியில் தணல், மேலே குட்டை மேசை, அதன்மேல் பஞ்சுப் போர்வை. ஊரே அதற்குள் காலை நீட்டித்தான் பனிக்காலத்தை ஓட்டுகிறது. அவர் மட்டும் மூலையில் விறைத்துக் கிடப்பதா? பீபிசாராதான் வழி சொன்னாள்.

“என் காலை நெருப்புக்கிட்ட முன்னாடி வெச்சுக்கறேன். உங்க கால் அதுக்குப் பின்னாடியே இருக்கட்டும். எனக்குச் சுட்டா உடனே உங்களைத் தள்ளிவிடறேன்.”

அவளை நம்பித்தான் நீட்டினார். இன்று காலை கம்பளி பொசுங்கும் நாற்றம் வந்த பிறகுதான் காலை வெளியே இழுத்தார்.

“விரல் தப்புமா?”

“ரெண்டு விரல் சந்தேகம்தான் அண்ணே. பஞ்சகெந்த் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்.”

நஜ்முதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி பக்கம் திரும்பினார்.

“முப்பது வருஷமா உன்னை நம்பினேனே! உன் கால் முன்னாடி இருந்திருந்தா முதல்ல உனக்கில்ல சுட்டிருக்கணும்?”

“எனக்குச் சுடவேயில்லைங்க...”

“சுடலையாம்! கேட்டுக்கோம்மா, இவ காவல் காத்த லட்சணத்தை!”

மருந்து தடவிய கை சட்டென்று நின்றது. “அண்ணி, இப்படி உட்காருங்க,” என்று மவ்ஜூதா பீபிசாராவின் கம்பளிக் காலுறையைக் கழற்றப் பார்த்தாள். அது லேசில் வரவில்லை. கத்தரியால் வெட்டி மெல்ல இழுத்தாள்.

அவர் காலைவிட மோசமாக வெந்திருந்த பாதத்திலிருந்து தோலும் சேர்ந்து உரிந்து வந்தது. பீபிசாரா குனிந்துகூடப் பார்க்காமல், கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, “நெஜமாவே நான் தூங்கலைங்க,” என்றாள்.