மருந்துக் கவுன்டரில் சிவப்பு அட்டை

"ரெண்டு யெல்லோ ஆயிப்போச்சு மாமு. இனிமே யோசிக்க இன்னா கீது? ரெட் கார்ட எட்து காட்டு."

காசிமேடு லெவன் ரசிகன் தவ்ஃபீக் இதைச் சொல்லிவிட்டு, தோளில் தொங்கிய டிரம்மில் ஒரு தட்டு தட்டினான். மருந்துக் கவுன்டர் முன்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் செல்வநாதனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

செல்வநாதன் கறுப்புச் சட்டை, கறுப்பு அரைக்கால்சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை என்று முழு நடுவர் கோலத்தில் நின்றிருந்தார். வாரத்தில் ஆறு நாள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமையானால் ராயபுரத்தில் கால்பந்து ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறவர். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, அரசு மருத்துவமனைக்குள் இப்படி முட்டி தெரிய நிற்பது அவருக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

கேட்டது ஒரு மாத்திரை. புற்றுநோய்க்காரர்கள் தினம் ஒன்று விழுங்க வேண்டியது. வெளியே வாங்க அந்த வரிசையில் யாருக்கும் வக்கில்லை. இங்கே இலவசம். ஆனால் ஏழு வாரமாக 'ஸ்டாக் இல்லை'.

காசிமேடு லெவன் ரசிகர்கள் தங்கள் பேட்டைக்காரர்களுக்காக மூன்று மனு கொடுத்தார்கள். மூன்றுக்கும் நம்பர் போட்ட சீட்டு கிடைத்தது. வாயில் நுழையாத அந்த மருந்தின் பெயரை நாலாக உடைத்து, கோல் விழுந்தால் அடிக்கும் தாளத்தில் கோஷம் போட்டார்கள். ஜென்மப் பகையான தண்டையார்பேட்டை ரசிகர்களும் வந்து அதே தாளத்தில் தொண்டை கிழியக் கத்தினார்கள். மருந்து மட்டும் வரவில்லை.

மனு உறைக்காது, கார்டு காட்டினால்தான் உறைக்கும் என்று கண்டுபிடித்தவன் தவ்ஃபீக். போன திங்கட்கிழமை ஒரு மஞ்சள். இன்று காலையும் 'ஸ்டாக் இல்லை' என்ற பதில் வந்ததும் இன்னொரு மஞ்சள்.

இரண்டையும் வாங்கிக்கொண்டவன் ஜெரால்ட். கவுன்டருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுடன் உட்கார்ந்திருக்கும் மருந்தாளுநர். அவன்மேல் தப்பில்லை என்று எல்லோருக்கும் தெரியும். கிடங்கிலிருந்து வந்தால்தானே அவன் கொடுப்பான். என்ன செய்வது, கம்பிவலைக்கு அந்தப் பக்கம் முகம் என்று இருந்தது அவனுடையது ஒன்றுதான்.

வரிசையில் மூன்றாவது ஆளாக ஒரு குடை சுவரில் சாய்ந்து நின்றது. அது செல்வநாதனின் மனைவி சிலுவையம்மாள் பிடித்துவைத்த இடம். அவளால் நிற்க முடியவில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாத்திரை தீர்ந்து பத்தொன்பது நாள் ஆகிறது.

ஆட்டத்தின் நடுவே நடுவருக்குப் பெண்டாட்டி கிடையாது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

விசிலை ஊதினார். சிவப்பு அட்டையைத் தலைக்கு மேல் நீட்டினார்.

ஜெரால்ட் எழுந்தான். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். தலை குனிந்தபடி, கூட்டத்தின் நடுவே நடந்து வெளியே போய்விட்டான்.

பழக்கம் அப்படி. ஒரு காலத்தில் அவன் தண்டையார்பேட்டை அணியின் தடுப்பாட்டக்காரன். இந்த விசில் ஒலித்து, இந்தக் கை உயர்ந்தால் அவனுடைய கால்கள் அவனைக் கேட்காமலே வெளியேறிவிடும்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. வாட்ச்மேன்கூட வந்து டிரம்மில் இரண்டு அடி போட்டுவிட்டுப் போனார்.

டிரம் ஓய்ந்த பிறகுதான், வாசலில் ஒரு வேன் வெகுநேரமாக ஹாரன் அடித்துக்கொண்டிருப்பது கேட்டது.

மருந்து வந்திருந்தது. நாலு பெட்டி.

மருந்தாளுநர் கையெழுத்துப் போட்டால் இறக்குவேன் என்றார் ஓட்டுநர். ஆள் இல்லையென்றால் பெட்டிகள் திரும்பக் கிடங்குக்கே போய்விடும், இனி அடுத்த மாதம்தான். பத்து நிமிஷம் நிற்பாராம்.

ஜெரால்ட் ஸ்கூட்டர் ஸ்டாண்டுச் சுவரில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தவ்ஃபீக் ஓடிப்போய், சும்மா ஒரு இதுக்குத்தான் காட்டினோம், உள்ளே வா என்று கெஞ்சினான். வெளியேற்றப்பட்டவன் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் ஆட்டமே செல்லாது, யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பார் என்று ஜெரால்ட் பொறுமையாக விளக்கினான். தண்டையார்பேட்டைக்காரர்கள் சங்கடத்துடன் தலையாட்டினார்கள். ரூல் ரூல்தான்.

காட்டச் சொன்னவர்கள் எல்லோரும் இப்போது செல்வநாதனைச் சூழ்ந்துகொண்டு கார்டைத் திரும்ப வாங்கச் சொன்னார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கார்டையும் அவர் திரும்ப வாங்கியதில்லை. இன்றைக்கு வாங்கத் தயார். ஜெரால்டிடம் போய் அதைச் சொன்னார்.

ஜெரால்ட் லேஸைக் கட்டவில்லை.

"இது கெடக்கட்டும்ணா. பதினெட்டு வருஷத்துக்கு முந்தி ஃபைனல்ல, கடைசி நிமிஷம் குடுத்தியே, அதப் பத்திச் சொல்லு."

பந்து ஜெரால்டின் கையில் பட்டதாகச் சொல்லிக் கொடுத்த சிவப்பு அது. அதோடு கிடைத்த பெனால்ட்டியில்தான் காசிமேடு கோப்பையைத் தூக்கியது. அதை வைத்து இந்த இரண்டு கூட்டமும் மண்டையை உடைத்துக்கொள்ளாத வருஷமே கிடையாது.

செல்வநாதன் திரும்பிப் பார்த்தார். சிலுவையம்மாள் குடையை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வந்திருந்தாள்.

அந்த ஃபைனலின் கடைசி நிமிஷத்தில் கடலிலிருந்து ஒரு காற்று வீசியது. வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் ஒரு குடை அப்படியே மேல்நோக்கி மடங்கிக்கொண்டது. அன்றைக்குப் பெயர் தெரியாத ஒருத்தி அதோடு மல்லுக்கட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் 'ஹேண்ட் பால்' என்று கத்திய பிறகுதான் செல்வநாதன் பந்து இருக்கும் பக்கம் திரும்பினார்.

இது அவருக்குத் தெரியும். குடைக்காரிக்கும் தெரியும்.

வேன் ஓட்டுநர் இன்ஜினைப் போட்டார்.

"பட்டுச்சோ படலியோ, நீ பாத்தத மட்டும் சொல்லுணா," என்றான் ஜெரால்ட். "சொல்லு, வந்து கையெழுத்துப் போட்டுடறேன்."