பம்பு ரெண்டு, குழாய் ஒண்ணு

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்துக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ராக்காயி நிற்கிறாள். காலையில் பிள்ளை பெற்ற மகள், லயத்துக் காம்பரா அறைக்குள் வெந்நீருக்குக் காத்துக் கிடக்கிறாள். பள்ளத்து ஓடைக்கரையில் பழைய பம்போடு இன்று புதிய பம்பும் சேர்ந்து ஓடுகிறது. அந்த முழக்கம் தேயிலைச் செடிகளைத் தாண்டி மேடேறி வருகிறது. குழாய் இருமிக் கலங்கலைக் கக்கிவிட்டுத் தெளிகிறது. நேற்றுவரை சுண்டுவிரல் கனத்தில் விழுந்த தண்ணீர், நடுவிரல் கனமாகியிருக்கிறது. அவ்வளவுதான். “ரெண்டு மெசினு ஓடியும் தண்ணி ரெட்டிப்பா வரலியே தம்பி?” என்கிறாள், பம்பை ஓடவிட்டு, மேலே தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க வந்த பம்புக்காரன் கந்தப்பனிடம். “மெசினுதான் ரெண்டு, மேல ஏறுற குழாய் ஒண்ணுதானேக்கா. எல்லாத் தண்ணியும் அதுக்குள்ளதான் நெருக்கியடிச்சு ஏறணும்.”

அந்நேரம் கீழ் லயத்துப் பெண்கள் தங்கள் குழாயைத் திறக்கிறார்கள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் இங்கே கேட்கிறது. கீழே திறந்தால் மேலே நின்றுவிடும்; இத்தனை வருஷச் சண்டையும் அதற்குத்தான். ராக்காயி குழாயையே பார்க்கிறாள். தண்ணீர் கொஞ்சம் மெலிகிறது. ஆனால் நிற்கவில்லை, விழுந்துகொண்டே இருக்கிறது. குடம் கழுத்துவரை ஏறி வழிகிறது. அவள் அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு லயத்தைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள்: “மாப்புள்ளே, அடுப்ப மூட்டுங்க!”